மாப்ள, வண்டி கரிக்குது!

கார் வாங்குவதற்கு முன்னால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்தது. பேப்பர், காபி, மத்தியானத் தூக்கம். கார் வாங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் பக்கெட், துணி, இடுப்பு வலி.

செகண்ட் ஹாண்ட் கார்தான். ஆனால் கருநீலக் கலர். பாங்க் லோன் போக நாற்பதாயிரம் ரூபாய் துண்டு விழுந்தது. மாமனார் கொடுத்தார். 'கொடுத்தார்' என்று சுலபமாக எழுதிவிட்டேன். போட் இன்ஜினை மாற்றுவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அது. "பழைய இன்ஜின் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும் மாப்ள. கைக்கொழந்தைய வச்சிக்கிணு அது பஸ்ல இடிபட வேணாம்" என்றார். 'அது' என்றது அவர் மகளை.

மாமனாருக்கு வீராம்பட்டினம். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் வந்து கிழக்கே திரும்பினால், கடல் வருவதற்குச் சற்று முன்னால் அந்த ஊர் வரும். செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரோட்டத்துக்குப் பேர் போன இடம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். அந்த வழக்கம் இப்போதும் தொடர்கிறது. வடம் பிடிப்பவர் இன்றைக்குத் துணைநிலை ஆளுநர். ஆபீஸ் புதுச்சேரியில் இருந்தாலும், நாங்கள் குடியிருப்பது மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. ராத்திரி படுத்தால் அலைச் சத்தம் கேட்கும். என் தேரும் அந்த அலைச் சத்தத்தைக் கேட்டபடிதான் வாசலில் நிற்கும்.

அதைப் பளபளவென்று வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையில் பல் தேய்க்கிறேனோ இல்லையோ, பழைய பனியனை எடுத்து வறட்டுத் துடைப்பாக ஒரு துடைப்பு. ஞாயிறு தோறும் பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு, வீட்டு போர் தண்ணீரில் உச்சி வெயிலில் ஸ்நானம். டயர் கருகருவென்று இருக்க டீசல். "அந்தக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்று மனைவி சொன்னதுண்டு.

எட்டு மாதம் ஆயிற்று. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல், சிலந்தி வலை பின்னின மாதிரி. விடுவேனா? ரப்பிங் காம்பவுண்டு வாங்கி வந்து, தேரோட்டத்துக்கு முதல் நாள் மூன்று மணி நேரம் தேய்த்தேன். முகம் பார்த்துத் தலை வாரலாம் போல ஆயிற்று. மறுநாள் வெளியூர் உறவுக்காரர்களையெல்லாம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. பெருமை தாங்காமல் மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மனிதர் பானெட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்தார். கதவுக்குக் கீழ் விளிம்பில் விரலை வைத்து ஒரு இழு இழுத்தார். அந்த விரலை நாக்கில் வைத்தார்.

"மாப்ள, வண்டி கரிக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டார்ச் கொண்டு வரச் சொல்லி, கரையேற்றின போட்டைப் பார்ப்பது போல அடியில் படுத்துப் பார்த்தார். கதவின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. நகத்தால் குத்தினார். பொலபொலவென்று துரு கொட்டியது. "மெக்கானிக்கக் கூப்டுங்க" என்றார்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பைக் காட்டினார். இரும்புக் குழாய் சொரசொரவென்று செதில் விட்டிருந்தது. "சார், அழுத்திப் பிரேக் போடறப்போ இது புட்டுக்கிச்சின்னா ஆயில் கீழே கொட்டிடும். பெடல் உள்ளே போயிடும், வண்டி சரியா நிற்காது" என்றார். என் கண் முன்னால் வந்தது, பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் மனைவி. எட்டு மாதமாக நான் பாலிஷ் போட்டது ஊர்க்காரர்கள் பார்க்கும் பக்கத்துக்கு. உயிர் தொங்கிக்கொண்டிருந்த பக்கத்தை ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

அந்த வருஷம் உறவுக்காரர்கள் ஆட்டோவில் வந்தார்கள். நான் பைப் மாற்றினேன். கூடவே புத்தியையும்.

உப்பு செய்யும் வேலை

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் பொடித் துளிகள் காற்றோடு வந்து வண்டியில் ஒட்டுகின்றன. தண்ணீர் காயும், உப்பு காயாது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே ஈரத்தை இழுத்து மறுபடி நீர்த்துப்போகும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடியைப் பாருங்கள், புரியும். வண்டி காய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் ராத்திரி பூராவும் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். பெயின்ட்டில் சின்னக் கீறல் இருந்தால் போதும், இரும்புக்கு வழி கிடைத்துவிடும்.

அந்தப் பெயின்ட் எவ்வளவு தடிமன் தெரியுமா? பிரைமர், கலர், மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே சாதாரணமாக நூறு, நூற்றிருபது மைக்ரான். கிளியர் கோட் மட்டும் நாற்பது, ஐம்பது மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது. அதாவது, முடியை விட மெல்லிய ஒரு தோலைத்தான் நான் ரப்பிங் காம்பவுண்டு போட்டுச் சுரண்டியிருக்கிறேன். கீறல் மறையவில்லை ஸார், கீறல் இருந்த தோலே போய்விட்டது!

பனியன் கதையும் அதேதான். பூப்போல இருக்கும் பனியன் கீறாது. அதற்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கடற்கரை மணல் கீறும். பனியனும் மணலும் சேர்ந்தால் உப்புத்தாள்.

கடல்காரர் பாடம்

கடலிலிருந்து வந்ததும் மாமனார் முதலில் செய்வது இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் காட்டுவது. அப்புறம்தான் தனக்குக் குளியல். "உப்ப ராத்திரி தங்க வுடக் கூடாது மாப்ள" என்பார். தினமும் காரைக் குளிப்பாட்ட ஆபீஸ் போகிறவனால் முடியாது. கடலோரத்தில் வாரம் ஒரு தடவையாவது செய்யலாம். நான் இப்போது செய்வது இது:

*தண்ணீர்:* வீட்டு போர் தண்ணீர் உப்பு என்றால் அதைத் தொடாதீர்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் எதற்கு? குறைந்தபட்சம் கடைசி அலசலாவது குழாய்த் தண்ணீரில் இருக்கட்டும்.

*நேரம்:* காலை அல்லது மாலை, நிழலில், பானெட் ஆறிய பிறகு. வெயிலில் சோப்பு காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும்.

*முறை:* முதலில் கை வைக்காமல் தண்ணீரை மட்டும் அடித்து மணலை இறக்குங்கள். சக்கர வளைவு, அடிப்பாகம், கதவுக்குக் கீழ் எல்லாவற்றுக்கும் ஹோஸைக் காட்டுங்கள். அப்புறம் இரண்டு பக்கெட்: ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே, நேர்க்கோட்டில். வட்டமாகத் தேய்ப்பது தோசைக்கு மட்டும். பாத்திர சோப்பு வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கோடு மெழுகையும் கழற்றிவிடும். கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.

*ஓட்டை:* கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. எனக்கு அதுவரை தெரியாது. மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று, துரு உள்ளிருந்து வெளியே வரும். ஒரு ஈர்க்குச்சி போதும்.

சக்கரத்துக்குத் தனி மரியாதை

சக்கரத்தில் படியும் கரும்பொடி வெறும் ரோட்டுப் புழுதி அல்ல. பிரேக் தேயும்போது உதிரும் இரும்புத் துகளும் அதில் இருக்கிறது. அதைத் துடைத்த துணியால் பானெட்டைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்துக்குத் தனி பக்கெட், தனி பிரஷ். அலாய் வீல் என்றால் பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். டீசல் ரப்பருக்கு ஆகாது. டயர் பாலிஷ் போட ஆசையாக இருந்தால் பக்கவாட்டில் மட்டும் போடுங்கள். ரோட்டைத் தொடும் பட்டையில் போட்டால் வழுக்கும். பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது. கழுவிய பிறகு டிஸ்க்கில் லேசாகச் செம்மண் நிறம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி நாலு தடவை பிரேக் போட்டால் ஈரமும் போகும், துருவும் போகும்.

பனைமரத்துக் குடை

கார் மெழுகில் உயர்ந்த சரக்கு என்று பேர் வாங்கியது கார்னாபா. பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது. பனை என்றதும் மாமனாருக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. நன்றாகக் காய்ந்த பெயின்ட்டில் மெல்லிசாகத் தடவித் துடைக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் தெளித்தால், தாமரை இலையில் போல முத்து முத்தாக நிற்கும். எப்போது முத்து நிற்காமல் பரவுகிறதோ, அப்போது மறுபடி தடவும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். செராமிக் கோட்டிங் அதிக நாள் நிற்கும், ஆயிரக்கணக்கில் செலவு. ஆனால் எதைப் பூசினாலும் அது மேல்தோலுக்குத்தான் குடை. கீழே கழுவுவதை மிச்சம் பிடிக்க முடியாது. அண்டர் கோட்டிங் அடிப்பதானால், முதலில் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு அடியுங்கள். துருவின் மேலேயே அடித்தால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டின கதை.

காக்காய் எச்சமும் ஆயுத பூஜைச் சந்தனமும் காய்ந்து போனால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை மேலே போட்டு ஊற வைத்து, எடுத்துவிடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

அப்புறம், அந்தப் பழைய போட் இன்ஜின். 'கொஞ்ச நாள் இழுக்கும்' என்றாரே, அது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மகிமை. நாற்பதாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்துவிட்டார். "வண்டிய ஒழுங்கா வச்சிருங்க, அது போதும்" என்றார்.

ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறேன். போன வாரம் ஆபீஸ் பார்க்கிங்கில் குனிந்து, கதவுக்கு அடியில் விரலை இழுத்து, பழக்க தோஷத்தில் நாக்கில் வைத்தேன். நிமிர்ந்தால் எதிரே மானேஜர்.

"என்னப்பா பண்றே?"

"கரிக்கலை சார்" என்றேன்.

அன்று மத்தியானமே எனக்கு இரண்டு நாள் லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. நான் கேட்கவே இல்லை!