அச்சடித்தால் போதுமா?

எழுதுகிறவர்கள் பெருகிவிட்டனர் என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். நாம் சலித்துக்கொள்ளவில்லை, மகிழ்கிறோம். ஏடும் எழுத்தாணியும் யாரோ சிலருக்கே உரியவை என்று இருந்த நாட்டிலே, இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைத் தோழர் தன் தொழிற்சங்க வரலாற்றை எழுதுகிறார். பெரம்பலூர்ப் பக்கத்து உழவர், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் தன்னை வாழவைத்த கதையையும் வீழவைத்த கதையையும் எழுதுகிறார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஊர் வரலாறு எழுதுகிறார். எழுதட்டும்! எவர் கையில் எழுதுகோல் இருக்கிறதோ, அவர் பக்கம்தானே நாளைய வரலாறு பேசும்!

ஆனால், எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போகிறார்? அங்கேதான் நமக்குக் கவலை.

பணம் கட்டுங்கள், முப்பது நாளில் நூலாக்கித் தருகிறோம் என்ற அழைப்பு எங்கும் கேட்கிறது. வண்ண அட்டை உண்டாம், வழவழப்பான தாள் உண்டாம், வெளியீட்டு விழாவும் உண்டாம். எல்லாம் உண்டு, ஒன்றைத் தவிர. எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்து, இது பிழை, இது பொருந்தவில்லை, இதற்குச் சான்று எங்கே என்று கேட்கும் வேலை மட்டும் பல இடங்களில் இல்லை. சேமிப்பைக் கொட்டிக் கொடுத்தவர் வீட்டுக்கு ஐந்நூறு படிகள் கட்டுக்கட்டாக வந்து சேரும். கட்டை அவிழ்த்து முதல் பக்கத்தைப் புரட்டினால், அவருடைய ஊரின் பெயரே பிழையாக இருக்கும்! கட்டில் அடியிலே கட்டுகள். நெஞ்சின் அடியிலே வேதனை. இது அறிவுப் பணியா? நாம் கேட்கிறோம்.

அச்சு வேறு, பதிப்பு வேறு. அச்சு என்பது இயந்திரத்தின் வேலை. பதிப்பு என்பது மூளையின் வேலை, மனச்சான்றின் வேலை. இதை விளக்க நாம் இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. இந்த அரியலூருக்கும் பெரம்பலூருக்குமே போனால் போதும்.

குன்னத்திலே படித்த பிள்ளை

1860களில், திருச்சி மாவட்டமாக இருந்த இந்தப் பகுதியிலே, இசைவாணர் ஒருவர் தம் குடும்பத்தோடு ஊர் ஊராக வாழ்ந்து வந்தார். அவருடைய மகனுக்குத் தமிழ்ப் பித்து. அரியலூரிலே சடகோப ஐயங்காரிடம் தமிழ் படித்தான் அந்தப் பிள்ளை. குன்னத்திலே சிதம்பரம் பிள்ளையிடம் படித்தான். பெரம்பலூரை அடுத்த செங்கணத்திலே விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டான். கல்லூரி இல்லை, பட்டம் இல்லை. ஊருக்கு ஒரு தமிழறிஞர் இருந்தார், அவர் வீட்டுத் திண்ணை இருந்தது, அவ்வளவுதான். பிறகு 1871இல் மாயூரத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவனாகச் சேர்ந்தான்.

அந்தப் பிள்ளைதான் டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர். கருத்திலே அவருக்கும் நமக்கும் வேற்றுமை உண்டு; ஆனால் உழைப்பை மறைக்கும் பழக்கம் நமக்கில்லை. பத்துப்பாட்டையும் சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் தமிழன் கையிலே அச்சு நூலாகக் கொடுத்த உழைப்பு அது. அந்த உழைப்பின் முதற்பாடங்கள் நம் குன்னத்திலும் செங்கணத்திலும் நடந்தன என்பதை, இந்த மாவட்டங்களின் இளைஞர் எத்தனை பேர் அறிவர்?

1880இல் கும்பகோணம் கல்லூரியிலே அவர் தமிழாசிரியரானார். அந்த ஆண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைக் கேட்டார்: என்னென்ன நூல் படித்திருக்கிறீர்? அவர் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியாருக்கு அதிலே நிறைவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டு, அதன் கையெழுத்துப் படியையும் கொடுத்தார். அந்த ஒரு கேள்வி தமிழின் போக்கையே மாற்றியது.

சிந்தாமணி அச்சாகி வெளிவந்த ஆண்டு 1887. எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒரு நூலுக்கு ஏழு ஆண்டு! முப்பது நாள் வியாபாரிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளட்டும்.

நான்கில் எது?

ஏன் ஏழு ஆண்டு? ஓலைச்சுவடியிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. குறில் எகர ஒகரமும் நெடில் ஏகார ஓகாரமும் ஒரே மாதிரி இருக்கும். ஓலையிலே ‘கொல’ என்று இருந்தால், அது ‘கொல’ என்பதா, ‘கொல்’ என்பதா, ‘கோல’ என்பதா, ‘கோல்’ என்பதா? நான்கில் எது? கோல் ஊன்றி நடந்தான் என்பதற்கும், கொல் என்று ஆணையிட்டான் என்பதற்கும் இடையே ஓர் உயிரே இருக்கிறது அல்லவா! பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் ஓலையிலே தெரியாது. ஆகவே ஒரு சுவடியை நம்பாமல் பல சுவடிகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சொல் சொல்லாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

சிந்தாமணி சமணக் காப்பியம். சாமிநாத ஐயரோ சைவ மடத்துச் சூழலிலே வளர்ந்தவர். நூலிலே புரியாத இடங்கள் வந்தன. அவர் என்ன செய்தார்? தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டாரா? இல்லை. கும்பகோணத்திலிருந்த சமணரைத் தேடிப் போய்க் கேட்டுத் தெளிந்தார். அறிந்தவனிடம் கேட்பது பதிப்பாசிரியனின் முதற்பண்பு.

பத்துப்பாட்டு 1889இல் வந்தது. அதிலுள்ள குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர் வரிசையாக வரும். கிடைத்த சுவடிகளிலே அந்த வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருந்தன. காட்டிலே பூவுக்கா பஞ்சம்? தமக்குத் தெரிந்த நாலு பூப்பெயரைச் செருகியிருந்தால் எவர் கேட்கப் போகிறார்? அவர் செருகவில்லை. தருமபுர மடத்துச் சுவடியைத் தேடிப் போய், விடுபட்ட பெயர்களைக் கண்டெடுத்த பிறகே அமைந்தார். சுவடிக்குச் சுவடி சொல் வேறுபட்ட இடங்களிலே, தாம் கொண்ட பாடத்தை மேலே போட்டு, மற்றதை அடிக்குறிப்பிலே காட்டினார். அதாவது, நான் இப்படி முடிவு செய்தேன், வேறு முடிவுக்கும் இடமுண்டு, நீயே பார் என்று படிப்பவனுக்கு மரியாதை கொடுத்தார். இதுதான் பதிப்பு!

பணம்? அவரிடம் ஏது? நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வோம் என்று முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கி அச்சுக் கூலிக்கு வழி தேடினார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்து, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் இந்தப் பாட்டைப் பட்டவரே. தமிழ் நூலுக்குப் பணமுடை புதியதல்ல. ஆனால் பணமுடையைக் காரணம் காட்டி அவர்கள் பிழையோடு அச்சடிக்கவில்லை.

ஏலாக்குறிச்சியிலே ஒரு கருவி

பதிப்பு வேலைக்குக் கருவி வேண்டும். அகராதி வேண்டும், தெளிவான எழுத்து வேண்டும். இதற்கும் நம் அரியலூர் மாவட்டத்திலே ஒரு கதை இருக்கிறது. 1680இல் இத்தாலியிலே பிறந்து, தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சியிலே வாழ்ந்து பணியாற்றிய வீரமாமுனிவர், எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் வடிவத்தாலேயே வேறுபடுத்திக் காட்டினார். நாம் மேலே கேட்ட கேள்வியிலே பாதி அங்கேயே தீர்ந்தது! 1732இலே சதுரகராதி தந்தார். அதுவரை சொற்பொருள் அறிய வேண்டுமானால் நிகண்டுச் செய்யுளை மனப்பாடம் செய்ய வேண்டும். அவரோ அகர வரிசையிலே சொற்களை அடுக்கி, எவனும் தேடி எடுக்கலாம் என்று ஆக்கினார். சமயம் பரப்ப வந்தவர்தான். ஆனால் அந்தக் கருவி சமயம் பார்த்தா உதவியது?

அந்தச் சதுரகராதி முழுமையாக அச்சேறியது 1824இலே. அவருடைய தேம்பாவணியோ 1851 முதல் 1853 வரை புதுவையிலே அச்சாயிற்று. எழுதியவர் கண்ணை மூடி நூறாண்டு கடந்த பிறகு! பிறகு 1935இலே பெரியார் தம் குடிஅரசு ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். ஈய எழுத்துக் கோப்பவரின் சுமை குறைய, படிக்கத் தொடங்கும் குழந்தையின் சுமையும் குறைந்தது. அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இலே. எழுத்தின் வடிவம் முதல் ஏட்டின் விலை வரை, எல்லாம் சாமான்யனுக்கு எட்ட வேண்டும் என்று போராடியே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

ஒரு புள்ளி, ஓர் எண்

ஓலை போயிற்று, ஈயம் போயிற்று, கணிப்பொறி வந்துவிட்டது. இனிப் பிழை ஏது என்பர் சிலர். கணிப்பொறி நாம் தட்டியதைத் தரும். நாம் நினைத்ததைத் தராது! ஒரு புள்ளி பறந்தால் ‘கல்வி’, ‘கலவி’யாகும். தொழிலாளர் கல்வி முகாம் என்று எழுதியவர் கதி என்னவாகும்? கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்திலேதான் இருக்கிறது. இராசேந்திரன் ஆட்சிப் பொறுப்பேற்றது 1014 என்பதை, இரு எண்கள் இடம்மாறி 1041 என்று அச்சிட்டால், அந்த மாமன்னன் இறப்பதற்கு மூன்றாண்டு முன்புதான் முடிசூடினான் என்றாகும்! கங்கையும் கடாரமும் காற்றிலே போகும். அந்தப் பிழையை இன்னொருவர் எடுத்தெழுதுவார், அவரைப் பார்த்து மற்றொருவர். பிழைக்குப் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருக்கும்.

ஆகவே, பணம் வாங்கிப் பதிப்பித்துத் தருவோரிடம் போகும் தோழர், கையொப்பமிடும் முன் சிலவற்றைக் கேட்க வேண்டும்.

என் கையெழுத்துப் படியை முழுதும் படிக்கப் போகிறவர் யார்? அமைப்பைச் சீர்செய்வது ஒரு வேலை, மொழியைத் திருத்துவது இன்னொரு வேலை, அச்சுப் படியிலே மெய்ப்புப் பார்ப்பது மூன்றாவது வேலை. இந்த மூன்றிலே எதை எதைச் செய்வீர்? ஒவ்வொன்றுக்கும் கட்டணம் எவ்வளவு? கடைசி மெய்ப்பை என் கண்ணுக்குக் காட்டாமல் அச்சிட மாட்டேன் என்று எழுதித் தருவீரா?

எத்தனை படி? இன்று ஐம்பது படியும் அச்சிட இயலும். படி கூடினால் ஒன்றின் அடக்க விலை குறையும் என்பது உண்மையே. ஆனால் விற்காத ஐந்நூறைவிட விற்ற ஐம்பது மேல்.

உரிமை யாருக்கு? இதிலேதான் ஏமாறுவோர் அதிகம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவனுக்கே முதல் உரிமை. அவன் வாழ்நாள் முழுதும், மறைந்த பின் அறுபது ஆண்டும் அது நிற்கும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. பிறருக்கு உரிமையை மாற்றித் தருவதானால் எழுத்து மூலம் தர வேண்டும். காலம் எவ்வளவு என்று அந்த எழுத்திலே குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான். பணமும் நான் தந்து, உரிமையும் நான் தருவதா என்று கேளுங்கள்! ஐஎஸ்பிஎன் என்னும் பதின்மூன்று இலக்க எண்ணுக்குத் தனிக் கட்டணம் என்று எவரேனும் நீட்டினால், இந்தியாவிலே அரசு அதைக் கட்டணமின்றித் தருகிறது, தனி ஆளும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லுங்கள். அந்த எண் நூலுக்கு அடையாளமே தவிர, உரிமைப் பத்திரம் அல்ல.

நூல் வந்ததும் நூலகத்துக்குப் படி அனுப்பினீரா என்றும் கேளுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பிப்பவர் முப்பது நாளுக்குள் நான்கு நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும். அவற்றிலே ஒன்று நம் சென்னைக் கன்னிமாரா. அங்கே ஒரு படி போய்ச் சேர்ந்தால், நம் வீட்டுக் கட்டில் அடியிலே கரையான் அரித்தாலும், பேரன் தேடிப் போய்ப் படிக்கலாம்.

பாட்டாளியின் குரல் போய்விடுமா?

திருத்துகிறேன் என்று வருபவர் என் பேச்சையே மாற்றிவிடுவாரே, என் ஊர் மணம் போய்விடுமே என்று ஒரு தோழர் அஞ்சலாம். அச்சம் நியாயமானதே. வெங்காயப் பட்டறை என்று எழுதியவனை வெங்காயச் சேமிப்பிடம் என்று எழுதச் சொல்பவர் பதிப்பாசிரியரல்ல; அவர் சொல்லுக்குச் சவரம் செய்பவர்! நல்ல பதிப்பாசிரியர் குரலை மாற்ற மாட்டார். குரல் கேட்காமல் தடுக்கும் குப்பையை அகற்றுவார். பழம்புலவன் சொல்லிலே கை வைக்க அஞ்சி, வேறுபாட்டை அடிக்குறிப்பிலே காட்டினாரே, அந்த அச்சம் உயிரோடிருக்கும் எழுத்தாளனிடமும் வேண்டும். மாற்றிய ஒவ்வோர் இடத்தையும் எழுதியவனுக்குக் காட்டி, அவன் ஒப்புதல் பெற வேண்டும்.

அதற்கும் பணம் இல்லையே என்றால்? நம் படிப்பகங்கள் எதற்கு இருக்கின்றன? ஒருவர் கையெழுத்துப் படியை உரக்கப் படிக்கட்டும். இன்னொருவர் அச்சுப் படியிலே விரல் வைத்துக் கவனிக்கட்டும். பழைய அச்சகங்களிலே இப்படித்தான் மெய்ப்புப் பார்த்தார்கள். ஊர்ப் பெயர்களை ஒருவர் சரிபார்க்கட்டும், ஆண்டுகளை ஒருவர், ஆட்களின் பெயர்களை ஒருவர். ஒரு வாரத்து மாலைப் பொழுதுகள் போதும், நூறு பக்க நூலுக்கு. குன்னத்திலும் செங்கணத்திலும் அன்று திண்ணைகள் செய்த வேலையை, இன்று பெரம்பலூர், அரியலூர்ப் படிப்பகங்கள் செய்யட்டும்.

சிமெண்டு மூட்டையிலே கலப்படம் இருந்தால் கட்டடம் விழும் என்று அறிந்தவர் நீங்கள். புத்தகத்திலே பிழை இருந்தால் விழுவது கட்டடமல்ல; உங்கள் சொல்லின் மீது நாளைய தலைமுறை வைக்கும் நம்பிக்கை. எழுதுங்கள், தோழர்களே! அச்சிடுங்கள்! ஆனால் பதிப்பித்து அச்சிடுங்கள்!