ரயில் அட்டவணையில் ஒளிந்திருக்கும் நிமிடங்கள்

நெடுந்தூரம் ஓடிவரும் விரைவு ரயில் ஒன்றின் கால அட்டவணையை எடுத்து, கடைசி இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதே தூரத்தை எதிர்த்திசையில், கிளம்பிய வேகத்தில் கடக்கும் வண்டிக்கு அவ்வளவு நேரம் தந்திருக்க மாட்டார்கள். வழியெல்லாம் இருபது நிமிடம் பிந்தி வந்த வண்டி கடைசியில் ‘ரைட் டைம்’ ஆகிவிடும் ரகசியம் இதுதான். தாமதமே இல்லாத நாளில் அதே வண்டி அவுட்டரில் நின்று பொழுதைக் கழிக்கும்.

இந்த உபரி நிமிடங்கள் ஏமாற்று வேலை அல்ல. தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் வேகம் குறைவதற்காக ‘இன்ஜினியரிங் அலவன்ஸ்’, நெரிசலுக்காக ‘டிராஃபிக் அலவன்ஸ்’ என்று கணக்கில் சேர்ப்பவைதான். ஆனால் எல்லாவற்றையும் வால்பக்கம் குவித்தால் புள்ளிவிவரம்தான் அழகாகும். நடுவழியில் இறங்குபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

சிக்னல் பழுது, தண்டவாளத்தில் மாடு, மூடாத கதவு போன்றவற்றால் ஒரு வண்டிக்கு நேரும் தாமதத்தை அட்டவணை போடுபவரால் தடுக்க முடியாது. அது அடுத்த வண்டிக்குத் தொற்றுவதைத்தான் அவர் கட்டுப்படுத்த முடியும். ஒற்றைப் பாதையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கிராசிங்குக்காக லூப் லைனில் காத்திருக்கும் வண்டி, எதிர்வண்டியின் தாமதத்தை வாங்கிக்கொண்டு அடுத்த கிராசிங்குக்குப் போகும்.

இதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒரு வண்டி கிளம்ப அட்டவணை நேரம் வந்திருக்க வேண்டும், பயணிகள் ஏறி இறங்கியிருக்க வேண்டும், முன்வண்டி விலகி சிக்னல் கிடைத்திருக்க வேண்டும். இவற்றில் எது கடைசியாக நிறைவேறுகிறதோ, அதுவே கிளம்பும் நேரம். 10:00க்கு வந்து 10:05க்குக் கிளம்ப வேண்டிய வண்டி 4 நிமிடம் பிந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்க 2 நிமிடமாவது வேண்டும் என்றால் 10:06க்குக் கிளம்பும். தாமதம் ஒரு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. பின்னால் 3 நிமிட இடைவெளி விட்டுக் கிளம்பும் வண்டிக்கு 10:08 என்று போட்டிருந்தால் அந்த ஒரு நிமிடம் அதற்கும் ஒட்டும். 10:09 என்று போட்டிருந்தால் அங்கேயே முடிந்துபோகும். ஒரு நாட்டின் எல்லா வண்டிகளுக்கும் இப்படிக் கணக்கிட ‘மேக்ஸ்-பிளஸ்’ என்றொரு கணித முறை கைகொடுக்கிறது. அதில் கூட்டலுக்குப் பதிலாகப் பெரிய எண்ணை எடுப்பார்கள். பெருக்கலுக்குப் பதிலாகக் கூட்டுவார்கள். டச்சு ரயில் பாதைகளுக்கு இதைப் பொருத்திக் காட்டியவர் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ராப் கோவர்டே.

ஒருநாள் கணக்கு போதாது. ஸ்விட்சர்லாந்தில் உருவான ஓப்பன்டிராக், ஜெர்மனியின் ரெயில்சிஸ் போன்ற மென்பொருட்களில், தாமதங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒரே அட்டவணையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். எந்த நிலையத்தில் அடிக்கடி முடிச்சு விழுகிறதோ, ஆபத்து அங்கே.

நெதர்லாந்தில் ஓடும் நேரத்தில் ஏறக்குறைய 7 சதவீதத்தை உபரியாகச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. அதை எங்கே வைப்பது என்று ஆய்வாளர் லியோ குரூனும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். சமமாகப் பரப்புவது சரியென்று தோன்றும். விடை வேறாக வந்தது. தொடக்கத்தில் வைத்தால் தாமதம் நேர்வதற்கு முன்பே நிமிடங்கள் வீணாகும். இறுதியில் வைத்தால் இடையில் இறங்கியவர்களுக்கு உதவாது. வழியின் நடுப்பகுதியை ஒட்டி, சற்று முன்னதாகவே கூடுதலாக வைப்பதுதான் மேல். 2006 டிசம்பரில் அந்நாடு கணிதத் துணையோடு அட்டவணையையே புதிதாகப் போட்டது. அதற்கு 2008இல் செயல்முறை ஆய்வுக்கான ஃபிரான்ஸ் எடல்மன் விருது கிடைத்தது.

உபரி நிமிடங்களால் அடங்காத தாமதமும் உண்டு; எதைத் தாமதம் என்பது என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்விட்சர்லாந்தில் 3 நிமிடத்துக்குள் வந்தால்தான் சரியான நேரம். ஜெர்மனியில் 6 நிமிடத்துக்குள் வந்தாலே போதும், ரத்தான வண்டிகள் கணக்கிலேயே வராது. அந்தத் தாமதம் தன் வண்டிகளுக்கும் தொற்றாமலிருக்க, ஜெர்மனியிலிருந்து மிகவும் பிந்தி வரும் வண்டியை ஸ்விஸ் ரயில்வே எல்லையோர பாசெல் நகரிலேயே நிறுத்திவிடுகிறது. மேற்கொண்டு போக வேண்டியவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அவர்களை ஏற்றிச் செல்ல அங்கே தயாராக வைத்திருக்கும் ஸ்விஸ் வண்டி குறித்த நேரத்துக்குக் கிளம்பிவிடும்.