சோத்துக்கு டூப் போட்டா எடை குறையுமா?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட் வந்த மறுநாள் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. "அண்ணா, மூணு மாசமா கீட்டோ. அரிசி தொடல, சீனி தொடல. பாதாம் மாவு தோசை, கீட்டோ பிரெட், சுகர்ஃப்ரீ சாக்லேட்னு கரெக்டாதான் போகுது. ஆனா அஞ்சு வாரமா எடை மிஷின் அசையவே இல்ல. இந்த மாற்று உணவுங்கதான் காரணமா?"

கேட்டதும் சிரிச்சுட்டேன். கிண்டல் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி நாகர்கோவில்ல எங்க வீட்டு அடுப்படியில நின்னு நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுட்டிருந்தேன்.

முதல்ல என் கதை. எச்பிஏ1சி 6.2, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். கூடவே ஃபேட்டி லிவர். எடை 91 கிலோ. வேலை வீட்டிலிருந்தே பார்க்கலாம்னு ஆனதும் சென்னையை விட்டு ஊருக்கு வந்து கீட்டோ ஆரம்பிச்சேன். கீட்டோன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரு நாளைக்கு மாவுச்சத்தை 20-லிருந்து 50 கிராமுக்குள்ள அடக்கி, உடம்பைக் கொழுப்பை எரிக்க வைக்கிற முறை. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்ல ரஸ்ஸல் வைல்டர்ங்கிற மருத்துவர் வலிப்பு நோய்க்காக இதைப் பரிந்துரைச்சார். எடை குறைக்கிற வேலையெல்லாம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது. தமிழ்நாட்டுல நம்மில் பலருக்கு இதன் அண்ணன்தான் முதல்ல அறிமுகம்: பேலியோ. 2010-களின் நடுவில் நியாண்டர் செல்வனோட ஃபேஸ்புக் குழுவும் புத்தகமும் அதை வீடு வீடாகக் கொண்டு போச்சு. "காலையில 100 பாதாம்"னு சொன்னா இன்னைக்கும் எல்லாருக்கும் புரியும்.

முதல் ரெண்டரை மாசம் நான் எந்த மாற்று உணவும் வாங்கல. வாங்கத் தெரியல, அவ்வளவுதான். வீட்டுல செய்றதுல சோத்தை மட்டும் விட்டுட்டேன். சாளை புளிமுளம், நெத்திலி அவியல், முட்டை, கீரை, புடலங்காய் துவரன், மோர். அம்மாவுக்குத்தான் தாங்கல. "வெறும் கறிய எப்படி மக்கா தின்னுவ?"ன்னு தினமும் ஒரு தடவை கேட்பாங்க. 7 கிலோ குறைஞ்சது. (அதுல முதல் ரெண்டு, மூணு கிலோ தண்ணிதான். உடம்பு சேமிச்சு வச்சிருக்கிற கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். அது கரையும்போது தண்ணியும் போயிடும். கீட்டோவோட முதல் வார அற்புதம் எல்லாம் இதுதான்.)

அப்புறம் எனக்கு இன்ஸ்டாகிராம்ல கீட்டோ ரெசிபிகள் வர ஆரம்பிச்சது. பாதாம் மாவு ஆர்டர் பண்ணேன். கீட்டோ ஆட்டா, பார், பிரெட், பிஸ்கட்னு வாரம் ஒரு பார்சல். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பிள்ளை மறுபடியும் தோசை தின்கிறானே! எடை மட்டும் 84-லயே நின்னுடுச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தராசை எடுத்து வச்சு அளந்தேன். நான் தின்ன மூணு பாதாம் தோசைக்கு 120 கிராம் மாவு ஆச்சு. மாவுச்சத்து மொத்தம் 25 கிராம், அதுல பாதிக்கு மேல நார். அந்தக் கணக்குல பாஸ். ஆனா கலோரி? மாவு மட்டுமே 700. நெய்யும் உள்ளே வச்ச பன்னீரும் சேர்ந்தா 900 தாண்டுது. வீட்டு அரிசி தோசை மூணு தின்னாக்கூட 400 பக்கம்தான் வந்திருக்கும்.

இங்க நியாயமா ஒரு குறுக்குக் கேள்வி வரும். பேலியோக்காரங்க தின்ன 100 பாதாமும் 120 கிராம்தானே, அவங்களுக்கு மட்டும் எப்படிக் குறைஞ்சது? ஒண்ணு, அதுவே அவங்களுக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு. எனக்கோ தோசைக்கு மேல சட்னி, முட்டை, மத்தியானம் மறுபடி பிரெட். இன்னொண்ணு, மெல்லுறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012-ல் அளந்து பார்த்தாங்க. லேபிள் கணக்குப்படி 28 கிராம் பாதாம்ல சுமார் 170 கலோரி இருக்கணும். முழுப் பாதாமா தின்னவங்க உடம்பு எடுத்துக்கிட்டது 129 மட்டும். மிச்சக் கொழுப்பு பருப்போட செல்சுவருக்குள்ளேயே மாட்டி வெளியே போயிடுது. அதே குழு பின்னாடி வெண்ணெய் மாதிரி அரைச்ச பாதாமைக் கொடுத்துப் பார்த்தப்போ இந்தத் தள்ளுபடி காணாமப் போச்சு. மாவு அரைக்கிற மிஷின் நமக்காக முன்கூட்டியே மென்னு கொடுத்துடுது.

அடுத்தது லேபிள். நான் தினம் ரெண்டு தின்ன பார்ல மொத்த மாவுச்சத்து 24 கிராம், நார் 11, பாலியால் 9. கழிச்சா "நெட் கார்ப் 4"ன்னு முன்பக்கம் பெருசா போட்டிருந்தது. பாலியால்னா சர்க்கரை ஆல்கஹால். அதுல எரித்ரிட்டால் கிட்டத்தட்டக் கலோரியே இல்லாதது, ரத்தச் சர்க்கரையையும் ஏத்தாது. ஆனா விலை குறைஞ்ச சாக்லேட், பிஸ்கட்ல அதிகம் போடறது மால்டிட்டால். அதுல கிராமுக்கு ரெண்டு கலோரிக்கு மேல இருக்கு, சீனியில பாதி. ரத்தச் சர்க்கரையும் ஏறும், சீனி அளவுக்கு இல்லாட்டியும். ரெண்டையும் ஒரே வரியில போட்டு முழுசாகக் கழிச்சா அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? (மால்டிட்டால் நிறைய தின்னா வயித்தையும் கலக்கும். பாக்கெட்ல சின்ன எழுத்துல அந்த எச்சரிக்கை இருக்கும். நான் அதை எப்ப கவனிச்சேன்னு சொல்ல வேண்டாம்.)

அந்த 11 கிராம் நாரைப் பத்தித் தேடினப்போதான் எனக்கு நிஜமாவே தூக்கிவாரிப் போட்டது. அது ஐசோமால்ட்டோ ஒலிகோசாக்கரைட், சுருக்கமா ஐ.எம்.ஓ. மாவுப்பொருளை நொதி போட்டு மாத்தி எடுக்கிறது. அதன் ஒரு பகுதி சிறுகுடல்லயே செரிச்சு சர்க்கரையா ரத்தத்துல கலந்திடும். அதனாலதான் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ அதை நார்ச்சத்துன்னு ஏத்துக்கல. சரி, எந்த மாவிலிருந்து எடுத்தது? பாக்கெட்லயே எழுதியிருந்தது: டாப்பியோக்கா. அதாவது மரச்சீனி. குமரி மாவட்டத்துக்காரன் ஒருத்தன் கிழங்கை விட்டுட்டேன்னு பெருமையா சொல்லிக்கிட்டு, அதே கிழங்கைப் பளபளன்னு ஒரு உறையில, கிலோ கணக்குல பார்த்தா நூறு மடங்கு விலைக்கு வாங்கித் தின்னுட்டிருந்திருக்கேன்.

மரச்சீனியைப் பத்திப் பேசாம இந்த எபிசோடை முடிக்க முடியாது, ஏன்னா எங்க ஊரோட முதல் பெரிய மாற்று உணவே அதுதான். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்க திருவிதாங்கூர். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நெல்வயல். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மேட்டு நிலம், அங்க கிழங்கு. தென்னமெரிக்காவுல பிறந்த இந்தக் கிழங்கை மக்கள் பயிர் பண்ணணும்னு ஊக்கப்படுத்தினவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அரிசி போதாத சமஸ்தானம், பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942-ல் ஜப்பான் ரங்கூனைப் பிடிச்சதும் அந்த அரிசி நின்னுபோச்சு. உயிரைக் காப்பாத்தினது கிழங்கு. சோத்துக்கு டூப் போட வந்தது, பஞ்சம் போன பிறகும் திரும்பிப் போகல. இன்னைக்கு வேகவச்ச கிழங்கும், காந்தாரி மிளகாய் அரைச்சதும், சாளைக் கறியும் எங்களுக்கு ஏழைச் சாப்பாடு இல்ல, கொண்டாட்டம். ஒரு கணக்கு மட்டும் பாருங்க: 100 கிராம் வெந்த சோத்துல மாவுச்சத்து 28 கிராம், அதே எடைப் பச்சைக் கிழங்குல 38. பசிக்கு இது நல்ல மாற்று. சர்க்கரைக்கு இல்ல.

எதுக்காக மாத்துறோம்னு மறந்துட்டு மாத்தினா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே இன்னொரு உதாரணம் இருக்கு. அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமா சுகர். சீனிக் காப்பியை விட்டுட்டு கருப்பட்டிக் காப்பி குடிக்கிறாங்க, அதுவும் மூணு வேளை. வெள்ளை அரிசிக்குப் பதில் சம்பா அரிசி, அளவு அதேதான். கருப்பட்டியில இரும்புச்சத்து இருக்கலாம், வாசனை இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில இருக்கிற அதே சாமான். ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வோட உணவுப் பகுதி 2025-ல் வெளிவந்துச்சு, சென்னை மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நடத்தினது. இந்தியர்கள் எடுத்துக்கிற கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருதுன்னு சொன்னாங்க. அதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காம, அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாத்துறதால மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையல. கொஞ்சம் மாவுச்சத்தைக் குறைச்சுட்டு அந்த இடத்துல புரதம் வந்தா குறையுது.

அப்போ எல்லா மாற்றும் மோசமா? இல்ல. காலிஃபிளவரைத் துருவி சோறு மாதிரி வதக்கித் தின்னா 100 கிராமுக்கு 25 கலோரி. மீன் குழம்புக்கு அது பரவாயில்லாம ஒத்துப்போகும், ரசத்துக்கு ஒத்துவராது. அது காயாகவே இருக்கு, அதனால தப்பிக்குது. மாவாகி, உருண்டையாகி, பாராகி வர்றதுதான் வில்லங்கம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் 2019-ல் ஒரு சோதனை வெளியிட்டார். 20 பேரை அங்கேயே தங்க வச்சு, ரெண்டு வாரம் தொழிற்சாலைப் பதப்படுத்திய உணவு, ரெண்டு வாரம் சமைச்ச உணவு. பரிமாறின ரெண்டுலயும் கொழுப்பு, மாவுச்சத்து, சீனி, நார் எல்லாம் சமம். எவ்வளவு வேணும்னாலும் தின்னலாம். பதப்படுத்தினதுல இருந்தப்போ ஒரு நாளைக்கு 500 கலோரி கூடுதலாத் தின்னாங்க. அது கீட்டோ சோதனை இல்ல. ஆனா என் பார்சல் பெட்டியைப் பார்த்தா எனக்கு அது ஞாபகம் வரும்.

எல்லாப் பழியையும் தோசை மேல போடவும் நான் தயாரில்ல. 91 கிலோ உடம்பு எரிக்கிற அளவு 84 கிலோ உடம்பு எரிக்காது, அதனால எந்த டயட்லயும் ஒரு கட்டத்துல வேகம் குறையும். அதனால நான் பண்ணினது ஒரு எளிய சோதனை. மூணு வாரம் பார்சல் எதுவும் இல்ல. பழைய மீன், முட்டை, துவரன், பசிச்சா ஒரு கைப்பிடி முழுப் பாதாம். 82.5 வந்தது. தேங்காயையும் கொஞ்சம் கைகாவல் பண்ணினோம், எங்க ஊர்ச் சமையல்ல அது இன்னொரு கலோரிக் கிணறு.

இப்போ சீரியஸான விஷயம். நான் பார்சல் வாங்கினப்போ அம்மாவும் ஆசைப்பட்டு, சொல்லாமலே அந்த கீட்டோ சப்பாத்திக்கு மாறி, சோத்தையும் நிறுத்திட்டாங்க. மாத்திரை அப்படியே. பத்தாம் நாள் வாந்தி, தலைசுத்தல். சுகர் மிஷின்ல 150 தான் காட்டுச்சு, "சுகர் நல்லாத்தான மக்கா இருக்கு"ன்னாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டர் மாத்திரைச் சீட்டைப் பார்த்ததும் முதல்ல கேட்டதே "சோறு சாப்பிடுறீங்களா?"ன்னுதான். அம்மா எடுக்கிறதுல ஒண்ணு டாபாக்ளிஃப்ளோசின். அந்த வகை மாத்திரை எடுத்துக்கிட்டு மாவுச்சத்தைத் திடீர்னு நிறுத்தினா, ரத்தச் சர்க்கரை பெருசா ஏறாமலே ரத்தத்துல அமிலம் சேரலாம். வாந்தி, வயித்துவலி, மூச்சுவாங்கல் வரும், மீட்டர் காட்டிக் கொடுக்காது. நல்லவேளை, ஆரம்பத்துலேயே போயிட்டோம். இன்சுலின், கிளிமெப்பிரைட் எடுக்கிறவங்களுக்கு வேற ஆபத்து, சர்க்கரை ஒரேயடியாத் தாழ்ந்துடும். மாத்திரை எடுக்கிற யாராவது உங்க வீட்டுல இருந்தா, உங்க டயட் டப்பா அவங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க டாக்டர்கிட்ட பேசுங்க.

வாய்ஸ் நோட் அனுப்பின தம்பிக்கு: மூணு வாரம் அந்த மூணையும் நிறுத்திப் பாருங்க, தோசை, பிரெட், சாக்லேட். அதோட உங்க சாக்லேட் உறையைத் திருப்பி, மால்டிட்டால்னு இருக்கா, ஐ.எம்.ஓ-ன்னு இருக்கான்னு போட்டோ எடுத்து அனுப்புங்க.

எங்க வீட்டுல இப்போ மாசத்துல ஒரு ஞாயிறு கிழங்கு அவிப்போம். அம்மாவுக்கு மூணு துண்டு, எனக்கு மூணு துண்டு, சட்டி நிறைய சாளைக் கறி. தின்னு ரெண்டு மணி நேரம் கழிச்சு அம்மா மீட்டரை எடுத்து வர்றாங்க. போன தடவை 172. "நாலாவது துண்ட நீதான் எடுத்த"ன்னு எனக்குத்தான் ஏச்சு.