புவிவெப்ப வாயுக்களும் புற்களும்

நிலத்தடியில் சூடான பாறையும் நீரும் உள்ள இடங்களில், வெடிப்புகள் வழியே மேலே வரும் வாயுக்கள் புவிவெப்ப வாயுக்கள் எனப்படும். நீராவி, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவை இவற்றுள் முக்கியமானவை.

பாதிப்பு ஏற்படும் விதம்

செடியின் வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து அது ஆக்சிஜனைப் பெறுகிறது. கீழிருந்து கார்பன் டை ஆக்சைடு மிகுதியாக வந்தால் அந்த ஆக்சிஜன் வெளியேற்றப்பட்டு, வேர் மூச்சுத் திணறி அழுகும். கந்தக வாயுக்கள் மண்ணை அமிலமாக்கும். அமெரிக்காவின் மம்மத் மலையில் 1989இல் சிறு நிலநடுக்கங்கள் தொடர்ந்து ஏற்பட்டன. அடுத்த ஆண்டு முதல் அங்கு மரங்கள் பட்டுப்போயின. அம்மண்ணின் காற்றில் 20 முதல் 95 விழுக்காடு வரை கார்பன் டை ஆக்சைடு இருந்தது. சாதாரண மண்ணில் இது ஏறத்தாழ 1 விழுக்காடுதான்.

தாங்கும் புற்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், வெந்நீர் ஊற்றுகளை ஒட்டிய சூடான மண்ணில் ஒருவகைப் புல் வளர்கிறது. அதனுள் ஒரு பூஞ்சையும், அப்பூஞ்சைக்குள் ஒரு வைரசும் வாழ்கின்றன. மூன்றும் சேர்ந்திருந்தால் புல் 65 பாகை செல்சியஸ் வரை தாங்கும். பிரித்தால் 38 பாகைக்கு மேல் புல்லும் பிழைக்காது, பூஞ்சையும் பிழைக்காது. வைரசின் பங்கு 2007இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இந்தியாவில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளும் கந்தகப் படிவுகளும் உள்ளன. அங்குள்ள புல்வெளி சாங்பா மக்களின் மேய்ச்சல் நிலமாகும்.

அண்ணாமலையின் நிலை

திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களுள் அக்னித் தலம். இதனால் அம்மலையை எரிமலை என்று சிலர் கருதுவதுண்டு. ஆனால் இங்குள்ளவை மிகப் பழமையான கடினப் பாறைகள். வெந்நீர் ஊற்றோ, வாயு வெளியேறும் துளையோ இல்லை. ரமணாசிரமத்திற்குப் பின்புறச் சரிவில் கோடையில் புல் கருகிக் கிடந்தால் அதற்குக் காரணம் வறட்சியும் காட்டுத்தீயுமே. மலையில் உயரமாக வளரும் எலுமிச்சைப்புல் காய்ந்தபின் எளிதில் பற்றிக்கொள்ளும். அணைக்காமல் வீசிய ஒரு பீடித்துண்டே போதும்.

தீக்குப் பிறகு புல் அடித்தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அதனிடையே நட்ட மரக்கன்றுகளோ மடிந்துவிடும். ஆண்டுதோறும் தீப்பிடித்தால் மலையில் புல் மட்டுமே மிஞ்சும், காடு உருவாகாது. ஆகவேதான் கோடைக்கு முன் புல்லை வரிசையாக வெட்டி அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கப்படுகின்றன. நிலத்தடி வாயுவை மனிதரால் தடுக்க இயலாது. இந்தத் தீயைத் தடுக்க இயலும்.