பலகை தின்ற சரஸ்வதி

ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். படத்தின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்; ஜெர்மானியத் தொழில்நுட்பம். அரண்மனைச் சுவர்களில் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சாமானியர் வீட்டு பூஜை அறைக்கு வந்தது இப்படித்தான். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் சில படங்கள் மாட்டிய ஆணியிலேயே இருக்கின்றன. ஆணி பத்திரம். படத்தைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

முன்பக்கம் கொஞ்சம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பினால் தாளின் முதுகில், சட்டத்தின் பின்னால் வைத்த பலகையின் வரியோட்டம் பழுப்பாகப் பதிந்திருக்கும். மரத்தில் கணு இருந்த இடம்கூடத் தெரியும். மரத்திலிருந்தும் மலிவான அட்டையிலிருந்தும் கசியும் அமிலம், தாளின் செல்லுலோஸ் இழைகளைத் துண்டுதுண்டாக அறுத்துவிடுகிறது. மடக்கினால் முறியும் அளவுக்குத் தாள் நொறுங்கிப் போவது இதனால்தான்.

தாளும் ஒன்றும் சுத்தமில்லை. மை ஊறாமல் இருக்கப் படிகாரத்தையும் மரப்பிசினையும் சேர்க்கும் முறையை ஜெர்மனியின் இல்லிக் என்பவர் 1807-இல் வெளியிட்டார். அதற்குப் பின் நெடுங்காலம் வந்த ஆலைத் தாள்களில் பெரும்பாலானவை அமிலத்தோடே பிறந்தவை.

கண்ணாடி தரும் தொல்லை வேறு. படத்தோடு ஒட்டி வைத்த கண்ணாடியில் மழைக்காலத்தில் ஈரம் வியர்க்கும். பூஞ்சை பிடிக்கும், வண்ணம் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். வெள்ளிதோறும் கண்ணாடியில் வைக்கும் சந்தனம் குங்குமத்தின் தண்ணீர், சட்டத்தின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். சாமியின் பாதம்தான் முதலில் கறைபடும்.

பாதுகாப்பு வல்லுநர் எடுத்த எடுப்பில் படத்தைத் தண்ணீரில் போடுவதில்லை. ஒவ்வொரு வண்ணத்தின் மேலும் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டு, மையொற்றுத் தாளை வைத்து அழுத்துவார். சாயம் ஏறாவிட்டால்தான் குளியல். முதலில் மென்தூரிகையால் தூசு தட்டுவது. பிறகு சிறிது கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த நீர். தட்டில் இறங்கும் அழுக்கு வெளிர் டீ போல இருக்கும். தாளுக்குள் தங்கும் கால்சியம், இனி வரும் அமிலத்தையும் கொஞ்ச காலம் தடுக்கும். கிழிசலுக்கு, கோசோ மரப்பட்டை நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும். இந்தப் பசையை நாளை ஈரம் காட்டி எடுத்துவிடலாம். செலோ டேப்பின் கோந்து தாளுக்குள் ஊறிவிட்டால் கறை எளிதில் போகாது.

ஜரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்த படங்களைக் குளிப்பாட்ட முடியாது. அவற்றைப் பிய்த்துவிட்டு ‘அசல்’ படத்தை மீட்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். அது தவறு. யாரோ ஒரு வீட்டில் உட்கார்ந்து செய்த அந்தக் கைவேலையும் இப்போது படத்தின் வரலாறுதான். தூசு தட்டி, கிழிசல் ஒட்டி, கறையோடு விடுவதே நேர்மை.

மறுபடி சட்டம் போடும்போது பலகையை ஒட்டவே கூடாது. பருத்தி இழையில் செய்த அமிலமற்ற அட்டை வேண்டும். படத்தின் மேல் விளிம்பை மட்டும் ஜப்பானியத் தாள் பட்டையால் தொங்கவிட வேண்டும். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி விட வேண்டும். அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு விடும் வெளிச்சம் சுமார் 50 லக்ஸ்தான். வெயில் விழும் சுவர் ஆகவே ஆகாது.

உங்கள் வீட்டுப் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தியை எடுக்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே வல்லுநரிடம் கொண்டு போங்கள்.