மெக்சிகோ எல்லைச் சுவர்: பணம் கொடுத்தது யார்?

கென்டக்கி, டென்னசி மாநிலங்களின் எல்லையில் ஃபோர்ட் கேம்பெல் என்ற அமெரிக்க ராணுவ முகாம் இருக்கிறது. அங்கே வசிக்கும் ராணுவ வீரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு நடுநிலைப் பள்ளி கட்ட 6.26 கோடி டாலர் ஒதுக்கியிருந்தார்கள். 2019 செப்டம்பரில் அந்தத் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, பணம் மெக்சிகோ எல்லையில் எழும்பிக்கொண்டிருந்த இரும்புச் சுவருக்குப் போனது. இந்தப் பள்ளி மட்டுமல்ல, மொத்தம் 127 ராணுவக் கட்டுமானத் திட்டங்கள் இப்படி நிறுத்திவைக்கப்பட்டன. மரியா புயலில் நொறுங்கிப்போன புவேர்ட்டோ ரிகோ தீவுக்கு வரவேண்டிய சுமார் 40 கோடி டாலரும் அதில் அடக்கம்.

“சுவர் கட்டுவோம், செலவை மெக்சிகோ ஏற்கும்” என்பதுதான் 2015 ஜூனில் தேர்தல் களத்தில் இறங்கியபோது டொனால்ட் டிரம்ப் கொடுத்த வாக்குறுதி. அமெரிக்காவில் உழைக்கும் மெக்சிகோ மக்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தை மறித்தால் மெக்சிகோ வழிக்கு வரும் என்று 2016இல் அவருடைய பிரசாரக் குழு ஒரு திட்டமும் வெளியிட்டது. அன்றைய மெக்சிகோ அதிபர் என்ரிக்கே பேன்யா நியட்டோ ஒரு காசும் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். அந்தத் தகராறில் 2017 ஜனவரியில் அவருடைய வாஷிங்டன் பயணமே ரத்தானது. புதிய வர்த்தக ஒப்பந்தத்தின் வழியே மெக்சிகோ மறைமுகமாகப் பணம் தருகிறது என்று டிரம்ப் பின்னாளில் வாதிட்டார். சுவருக்கு மெக்சிகோ பணம் கட்டவேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை என்பதால் அந்த வாதம் நிற்கவில்லை.

எல்லையில் தடுப்பு போடும் வேலை டிரம்பின் காலத்தில் தொடங்கியதல்ல. சுமார் 3,145 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்கு வேலி அமைக்க 2006இல் ஜார்ஜ் புஷ் ஆட்சியில் சட்டம் வந்தது. செனட்டில் 80 பேர் ஆதரித்தார்கள். அவர்களில் பராக் ஒபாமா, ஹிலாரி கிளின்டன், ஜோ பைடன் மூவரும் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில் எல்லைத் தடுப்பின் மொத்த நீளம் சுமார் 1,050 கிலோமீட்டரை எட்டியது, அன்றைக்கு நாடாளுமன்றத்தில் இவ்வளவு பெரிய சண்டை எழவில்லை. எனவே பிந்தைய மோதலை வேலி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியாக மட்டும் சுருக்கிவிட முடியாது. மக்களின் வரிப்பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்பதே அதன் மையம்.

சட்டத்தின் மூலம் ஒதுக்கீடு செய்யப்படாமல் கருவூலத்திலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. அந்த ஒதுக்கீட்டைச் செய்வது நாடாளுமன்றம், அதாவது பிரதிநிதிகள் சபையும் செனட்டும். இந்தியாவிலும் இதே விதி உண்டு. ஆனால் இங்கே நிதி மசோதா மக்களவையில் தோற்றால் ஆட்சி கவிழும். அமெரிக்காவில் அதிபர் தனித் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்படுபவர் என்பதால் அவர் பதவியில் நீடிப்பார், அலுவலகங்கள்தான் பூட்டப்படும். அதைத்தான் ‘ஷட்டவுன்’, அரசு முடக்கம் என்கிறார்கள்.

2018 டிசம்பரில் அது நடந்தது. டிரம்ப் சுவருக்குக் கேட்டது 570 கோடி டாலர். ஜனநாயகக் கட்சியின் நான்சி பெலோசியும் சக் ஷூமரும் மறுத்தார்கள். வெள்ளை மாளிகையில் கேமராக்கள் முன்னிலையிலேயே, எல்லைப் பாதுகாப்புக்காக அரசை முடக்குவதில் பெருமைப்படுவேன் என்று டிரம்ப் அவர்களிடம் சொன்னார். டிசம்பர் 22 முதல் ஜனவரி 25 வரை, 35 நாட்கள் முடக்கம் நீடித்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் இல்லை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சம்பளமில்லாமலே வேலைக்கு வரவேண்டியிருந்தது. விமான நிலையச் சோதனை ஊழியர்கள், கடலோரக் காவல் படையினர், ஏன், எல்லையைக் காக்கும் ரோந்துப் படையினர்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எல்லைப் பாதுகாப்புக்கான சண்டையில் எல்லையில் நிற்பவருக்கே மாதச் செலவுக்குப் பணம் இல்லை.

ஐந்தாவது வாரத்தின் கடைசி நாளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சிலர் விடுப்பு எடுக்க, நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டன. அன்றே முடக்கம் முடிவுக்கு வந்தது. நாட்டின் பொருளாதாரத்துக்குத் திரும்பக் கிடைக்காத இழப்பு மட்டும் 300 கோடி டாலர் என்று நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகம் மதிப்பிட்டது. அரசு ஊழியர்களுக்கு விட்டுப்போன சம்பளம் பிறகு வந்து சேர்ந்தது. அதே கட்டடங்களில் தரை துடைத்தவர்கள், காவல் நின்றவர்கள், உணவகத்தில் பரிமாறியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்த ஐந்து வாரச் சம்பளத்தைக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை.

இத்தனைக்கும் பிறகு நாடாளுமன்றம் கொடுத்தது 137.5 கோடி டாலர், டெக்சாஸில் சுமார் 88 கிலோமீட்டர் வேலிக்கு. டிரம்ப் அந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்ட அன்றே, 2019 பிப்ரவரி 15 அன்று, தேசிய அவசரநிலையை அறிவித்தார். ராணுவக் கட்டுமான நிதியிலிருந்து 360 கோடி, போதைப்பொருள் தடுப்புக்கான பாதுகாப்புத் துறை நிதியிலிருந்து 250 கோடி, பறிமுதல் சொத்து நிதியிலிருந்து 60 கோடி டாலர் என்று திருப்பிவிட ஏற்பாடானது. ஃபோர்ட் கேம்பெல் பள்ளியின் பணம் இந்த வழியில்தான் போனது.

அவசரநிலையை ரத்து செய்யும் தீர்மானம் செனட்டில் 59க்கு 41 என்று நிறைவேறியது. அதிபரின் சொந்தக் கட்சியினரே 12 பேர் அதற்கு வாக்களித்தார்கள். டிரம்ப் அதைத் தன் மறுப்பு அதிகாரத்தால் முறியடித்தார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 250 கோடி டாலரைச் செலவிடத் தடையில்லை என்று 2019 ஜூலையில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இடைக்கால உத்தரவு வந்தது. ஆட்சி மாறியதும் வழக்கு பொருளிழந்து போனது. நாடாளுமன்றம் மறுத்த பணத்தை அதிபர் வேறு பெட்டியிலிருந்து எடுக்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு இன்றுவரை இல்லை. சுவர் விவகாரத்தில் எனக்குப் பெரிய கவலை இதுதான். எந்தக் கட்சி அதிபரும் நாளை இதே வாசலைத் திறக்கலாம்.

இத்தனை பணம் எங்கே போகிறது? சுவர் என்று சொல்கிறோமே தவிர, அது செங்கல் சுவர் அல்ல. ஆறு அங்குலச் சதுர இரும்புக் குழாய்களுக்குள் கான்கிரீட் நிரப்பி வரிசையாக நட்டிருக்கிறார்கள். உயரம் 18 முதல் 30 அடி. ரோந்துக்காரர்கள் மறுபக்கத்தைப் பார்க்கவேண்டும் என்பதால் குழாய்களுக்கு நடுவே இடைவெளி உண்டு. சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மின்ரம்பத்தால் கடத்தல்காரர்கள் அந்தக் குழாயை அறுத்து விலக்கியிருக்கிறார்கள். அறுத்த இடங்களைத் திரும்பத் திரும்பப் பற்றவைப்பதும் செலவுதான். டிரம்பின் முதல் ஆட்சியில் சுமார் 1,500 கோடி டாலர் திரட்டப்பட்டது. கட்டியது ஏறத்தாழ 737 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி பழைய வேலியை எடுத்துவிட்டு வைத்த புதுச் சுவர்.

நகரங்களை ஒட்டிய இடங்களில் வேலி வந்தபின் நடந்து கடப்போர் குறைந்தார்கள் என்று ஆதரவாளர்கள் சொல்வது சரி. அவர்களில் பலர் அரிசோனா பாலைவனத்தின் பக்கம் திரும்பினார்கள், அங்கே பலர் வெயிலில் செத்தார்கள் என்பதும் சரி. சான் டியேகோவில் சுவரின் உயரம் 30 அடியானபின், மேலிருந்து விழுந்து எலும்பு முறிந்து மருத்துவமனைக்கு வருவோர் பல மடங்கு கூடியதை அங்குள்ள மருத்துவர்களே ஆய்வாக எழுதினார்கள்.

டெக்சாஸில் நிலமும் ஒரு செலவு. அங்கே எல்லை ரியோ கிராண்டே ஆறு. வெள்ள நீரின் போக்கை மறிக்கக் கூடாது என்று மெக்சிகோவுடன் 1970இல் செய்த ஒப்பந்தம் இருப்பதால் ஆற்றோரத்தில் சுவர் வைப்பது கடினம். வெகுதூரம் உள்ளே தள்ளி, பல இடங்களில் வெள்ளத்தடுப்புக் கரையின் மேலேயே வைக்கிறார்கள். ஆற்றுக்கும் சுவருக்கும் நடுவே அமெரிக்க மண்ணிலேயே வயலும் வீடும் மாட்டிக்கொள்கின்றன. பிரவுன்ஸ்வில் பக்கம் சில குடும்பங்கள் கேட்டில் உள்ள பொத்தான்களில் எண்ணை அழுத்தித் திறந்துதான் தங்கள் நிலத்துக்குப் போகின்றன. தலைமுறையாக உழுத மண்ணை விட்டுக்கொடுக்க மறுத்து வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறியவர்கள் உண்டு. குரல் சேர்ந்து ஒலித்த சில இடங்கள் அப்போது தப்பின. மிஷன் நகரின் லா லோமிட்டா தேவாலயத்தையும் தேசிய வண்ணத்துப்பூச்சி மையத்தையும் தொடக்கூடாது என்று 2019 ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள்.

2021இல் பதவியேற்ற அன்றே பைடன் சுவர் வேலையை நிறுத்தினார். 2023 அக்டோபரில் அவருடைய அரசே டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் 26 கூட்டாட்சிச் சட்டங்களை ஒதுக்கிவைத்துச் சுவர் கட்ட முன்வந்தது. 2019இல் சுவருக்கென ஒதுக்கிய பணத்தை வேறு எதற்கும் செலவிட முடியாது, நாடாளுமன்றம் மாற்றித் தர மறுத்தது என்றார் பைடன். அவருடைய ஆதரவாளர்கள் கொதித்தார்கள். ஒதுக்கீட்டுச் சட்டம் அதிபரைக் கட்டுப்படுத்தும் என்பதை டிரம்ப் விஷயத்தில் வலியுறுத்தியவர்கள் பைடனுக்கு விலக்குக் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்தில் சுவருக்கும் அது சார்ந்த அமைப்புகளுக்கும் சுமார் 4,650 கோடி டாலர் இருக்கிறது. 2018இல் அரசையே முடக்கியது இதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாத தொகைக்காக. இந்த முறை அவசரநிலை தேவைப்படவில்லை. செனட்டில் 50க்கு 50 என்று வாக்குகள் நிற்க, துணை அதிபர் ஜே.டி. வான்ஸின் வாக்கு தீர்மானித்தது. வழி முறையானதுதான். தேவை எவ்வளவு என்பது வேறு கேள்வி. 2023 டிசம்பர் என்ற ஒரே மாதத்தில் எல்லையைக் கடந்து பிடிபட்டோர் சுமார் இரண்டரை லட்சம். 2025 நிதியாண்டு முழுக்கப் பிடிபட்டோர் அதைவிடக் குறைவு. கடப்போர் இவ்வளவு குறைந்த நேரத்தில் இத்தனை பெரிய தொகை எதற்கு என்று சபைகளில் கேட்டவர்களுக்கு, இனி வரும் அதிபர் எல்லையைத் திறந்துவிட முடியாதபடி சுவர் நிற்கவேண்டும் என்பதே ஆதரவாளர்களின் பதில்.

அந்தப் பணத்தை 2029 செப்டம்பர் 30 வரை பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். அடுத்த அதிபர் பதவியேற்பது அதே ஆண்டு ஜனவரி 20 அன்று. செலவாகாமல் மீதியிருந்தால், பைடன் முன் வந்து நின்ற அதே கேள்வி அவர் மேசைக்கும் வரும். அதற்குள் ரியோ கிராண்டே கரையில் இன்னும் எத்தனை நிலங்கள் கையகப்படுத்தப்பட்டிருக்கும் என்பதை டெக்சாஸ் நீதிமன்றங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்.