மலைநாட்டு ஜன்னல்களைப் பேணும் முறை

பயிரையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டிய இப்பத்திரிகையில் ஜன்னலைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். விவசாயி குடியிருக்கும் வீடும், விதை வைத்திருக்கும் அறையும் கெடுமாயின் விவசாயமும் கெடும் என்பதே அதற்கு விடை.

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், மலையின் மேற்கு விளிம்பில், 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது நடுவட்டம். 1860-களில் அரசாங்கத்தார் சிங்கோனா பயிரிட்ட இவ்விடத்தில் இப்போது தேயிலையே பெரும்பயிர். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கு நேரே வந்து மோதுகிறது. ஆகவே மேற்கு நோக்கிய ஜன்னல்களே முதலில் பழுதாகின்றன.

கெடுதி உண்டாகும் விதம்

மழை வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. அடுப்பின் ஆவியும் உறங்குவோர் மூச்சும் கலந்த உள்காற்று, குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளிகளாக மாறுகிறது. அந்நீர் வழிந்து அடிச்சட்டத்தில் தங்குகிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் புட்டி வெடித்திருந்தால் நீர் மரத்துள் இறங்கும். பூஞ்சணம் பற்றி மரம் உளுத்துவிடும். ஆதலின் காலையில் முதல் வேலையாக உலர்ந்த துணியால் கண்ணாடியையும் அடிச்சட்டத்தையும் துடைத்தல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சுத்தம் செய்தல்

முதலில் தூசியை உலர்ந்த துணியால் தட்டிவிடுக. பின்னர் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்துக் கழுவி, நல்ல நீரால் அலசி, பழைய செய்தித்தாளால் துடைக்கலாம். அடுப்புப் புகையின் பிசுக்கு நீங்காவிடில் நீருடன் சிறிது காடியைக் கலந்துகொள்க. உறைபனி விழுந்த காலையில் கொதிநீரை ஊற்றலாகாது, கண்ணாடி வெடிக்கும். மணலாலும் சலிக்காத சாம்பலாலும் தேய்த்தால் கீறல் விழும்.

பழுது பார்த்தல்

இதற்கு ஏற்ற காலம் பிப்ரவரி, மார்ச்சு மாதங்கள். கத்தி முனையால் அடிச்சட்டத்தைக் குத்திப் பார்த்து, மெத்தென்று இறங்கும் பாகத்தை நீக்கி, உலர்ந்த மரம் வைத்துச் சேர்க்கவேண்டும். வெடித்த புட்டியைச் சுரண்டி எடுத்தபின், வெறும் மரத்தில் ஆளிவிதை எண்ணெய் தடவியே புதுப் புட்டி வைக்கவேண்டும். இல்லையேல் மரம் புட்டியின் எண்ணெயை உறிஞ்சிவிடும். புட்டி மீண்டும் வெடிக்கும். புட்டி இறுகியபின் பூசும் வர்ணம் கண்ணாடியின் ஓரத்திலும் ஒரு நூலளவு படிந்திருத்தல் நலம், நீர் புகாது.

கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் இடுவோர் உண்டு. இம்மலைக் குளிரில் அது உறைந்துவிடும். தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயே தக்கது. மழையில் உப்பி இறுகிய கதவை அப்போதே மிகுதியாக இழைத்துவிடாதீர்கள். கோடையில் மரம் சுருங்கி இடைவெளி விழும்.

திறக்கும் ஜன்னலே நல்ல ஜன்னல்

குளிருக்கு அஞ்சி ஜன்னலை ஆணியடித்தும், சாக்கு அடைத்தும் மூடிவிடுவோர் பலர். அவ்வறையில் கணப்புச் சட்டி வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. புகையற்ற கரித்தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வெளிவருகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குபவன் அறியாமலே மாள்வான். இத்தகைய மரணங்கள் நீலகிரியிலும் நேர்ந்துள்ளன. உறங்குமுன் கணப்பை வெளியேற்றிவிட வேண்டும். ஜன்னல் திறந்திருக்கிறது என்று நம்பி அதை உள்ளே விட்டுவைத்தலும் தகாது. பகலில் மூடுபனி விலகும் வேளையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் அறையின் ஈரமும் குறையும்.

விதை உருளைக்கிழங்கு வைப்போருக்கு ஒரு வார்த்தை. நேர் வெயில் படாத மிதமான வெளிச்சத்தில் முளைகள் குட்டையாகவும் தடித்தும் வரும். இருட்டில் வெளுத்து நீண்டு, கை பட்டால் ஒடியும். அழுக்கேறிய கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. உண்ணும் கிழங்கை மட்டும் இருட்டிலேயே வைக்கவேண்டும்.

கிராம அதிகாரிகள் மே மாதத்துக்குள் தத்தம் அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு முறை திறந்து மூடிப் பார்ப்பாராயின், ஊராரும் அதைக் கண்டு தம் வீடுகளில் செய்வர். பளபளப்பு இரண்டாவது, வேண்டிய வேளையில் திறக்கிறதா என்பதே முதற் கேள்வி.